சேவியரும் செழியனும் ஒரே ஆள்தான்

விசா இல்லை என்று வந்த கடிதம் ரொம்ப மரியாதையான கடிதம். நடுவில் இரண்டே காரணங்கள். ஒன்று: அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் ஸ்டெல்லா, அதாவது நான், திருமணச் சான்றிதழின்படி பிரான்சிஸ் சேவியர் என்பவரை மணந்திருக்கிறேன். ஆனால் என் கணவர் என்று சொல்லி விசா கேட்டிருப்பவர் பெயர் செழியன். இருவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு: கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்ததற்குப் போதிய சான்றுகள் இல்லை.

முதல் காரணத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இரண்டாவதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது உண்மை. கல்யாணம் முடிந்த ஐந்தாவது வாரம் நான் விமானம் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது இரண்டு நாள் வந்து போனேன். கணக்குப் பார்த்தால் மொத்தம் முப்பத்தேழு நாள்.

வார்டில் எனக்கு மூத்தவரான ப்ரீடாவிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "ஸ்டெல்லா, உனக்கு மொத்தம் எத்தனை புருஷன்?" என்று கேட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "லீவ் போட்டுவிட்டுப் போ. இதைப் போனில் சரி பண்ண முடியாது. உன் டியூட்டியை நாங்கள் பிரித்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். பதினான்கு நாள் கிடைத்தது.

பெயர்க் குழப்பம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் டிசம்பரில் வரும் சவேரியார் திருநாளன்று பிறந்தவர். கோயிலில் பிரான்சிஸ் சேவியர் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் செழியன் என்று எழுதிவிட்டார். கல்யாணப் பதிவேடு ஞானஸ்நானப் பேரைப் பார்த்து எழுதப்பட்டது. பாஸ்போர்ட் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதப்பட்டது. ஊரில் இதுவரை யாருக்கும் இதில் ஒரு சிரமமும் வந்ததில்லை.

திருச்சி விமான நிலையத்தில் ஒரு காலை நேரத்தில் இறங்கினேன். செழியன் நண்பரின் காரோடு வந்திருந்தார். அவர் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுபவர். தை மாதம், சம்பா அறுப்பு நடக்கிற நேரம். தலைமுடியில் ஒரு வைக்கோல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிட வேண்டும் போல இருந்தது, ஆனால் சுற்றிலும் ஆட்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன். நீ?" என்றார். கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது. அவர் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் பின்னாலேயே போனேன்.

வழியில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். இரண்டு காபி சொன்னார், இரண்டிலும் சர்க்கரை. நான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். அவர் இட்லிக்குச் சட்னியைத் தொடாமல் வெறும் பொடியும் எண்ணெயுமாகச் சாப்பிட்டதை நான் அன்றுதான் கவனித்தேன். தினமும் அரை மணி நேரம் வீடியோவில் பேசுகிறோம். ஆனால் வீடியோவில் யாரும் இட்லி சாப்பிட்டுக் காட்டுவதில்லை.

தஞ்சாவூர் தாண்டியதும் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. வண்டிகள் மறுபாதியில் ஒழுங்காக விலகி விலகிப் போயின. எங்கள் அயர்லாந்து ஊரில் இப்படித்தான் ஆடுகள் ரோட்டை மறித்து நிற்கும், கார்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும். உலகத்தில் எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு வழிவிடத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாபநாசம் பக்கத்தில் அவர் கிராமம். மாமியார் லூர்து வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். முதல் கேள்வி, "அங்க மழை உண்டா?"

"தினமும் மழைதான் அத்தை."

"அப்ப மூணு போகம் எடுக்கலாமே. என்ன போட்டிருக்காங்க?"

"புல்லு."

"புல்லா!" என்று மோவாயில் கையை வைத்துக்கொண்டார். அவ்வளவு தண்ணீர் புல்லுக்குப் போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

கடிதத்தில் இருந்ததைச் சொன்னதும்தான் கோபம் வந்தது. "நான் பெத்த பிள்ளை யாருன்னு அவங்களுக்கு நான் வந்து சொல்லணுமா? போனைப் போடு, நான் பேசுறேன்" என்றார். போன் போட்டுப் பேசுகிற இடம் இல்லை என்று புரியவைக்க விரால் மீன் குழம்பு கொதித்து இறங்கும் வரை ஆனது.

மறுநாள் காலை பங்குக் கோயிலுக்குப் போனோம். ஃபாதர் இளவயசுக்காரர், கன்னியாகுமரிப் பக்கம். பெரிய கல்யாணப் பதிவேட்டை எடுத்து மேஜையில் விரித்தார். "எழுதினதை அடிச்சு எழுத முடியாதும்மா. ஆனா ஓரத்துல ஒரு குறிப்பு எழுதலாம். 'இவர் செழியன் என்றும் அழைக்கப்படுகிறார்'னு எழுதி முத்திரை போட்டுத் தரேன். அதுக்கு எனக்கு ஒரு ஆதாரம் வேணும்ல?" என்றார். பள்ளிச் சான்றிதழைக் கொடுத்தோம். அதையும் ஞானஸ்நானப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"செழியன், பிறந்த தேதியும் வேற வேறயா இருக்கே. இதுல டிசம்பர். அதுல ஜூன்."

இரண்டு பெயர், இரண்டு பிறந்த நாள். ப்ரீடா கேட்டால் என்ன சொல்வார்!

"ஜூன் எங்க சார் போட்டது ஃபாதர். அப்பெல்லாம் பள்ளிக்கூடத்துல சேர்ற எல்லாருக்கும் ஜூன்தான்" என்றார் செழியன், ஏதோ அதில் ஒன்றுமே இல்லாத மாதிரி.

"அப்ப போட்டவரையே எழுதித் தரச் சொல்லுங்க" என்றார் ஃபாதர். "அதோட தாசில்தார் ஆபீஸ்ல ரெண்டு பேரும் ஒரே ஆள்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. நான் உடனே எழுதிடுறேன்."

மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம். அவர் விசாரித்து எழுதினால்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். விசாரணை என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. அவர் எங்களை அழைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"சேவியர் யாருய்யா?"

"இதோ நிக்கிறானே, இவன்தான்."

"அப்ப செழியன்?"

"அவனேதான். என்ன சார், அவனை வச்சுக்கிட்டே அவன் யாருன்னு கேக்குறீங்க?"

பெஞ்சிலிருந்த ஒருவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்து, "ஏம்மா, ஏதாவது பிரச்சினையா? பையன் நல்ல பையன்" என்றார். விசாரணை முடிந்தது. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. தாலுகா அலுவலகத்தில் மட்டும் இரண்டு நடை நடந்து சான்று வாங்கினோம். பிறந்த தேதிக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம் இருந்தால் நல்லது என்று அங்கேயும் சொன்னார்கள். ஆக, ஜூன் போட்ட ஆளைப் பார்த்தே தீர வேண்டும்.

அந்தத் தலைமை ஆசிரியர் கலியபெருமாள் சார் ஓய்வு பெற்று நாகூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஐந்தாம் நாள் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினோம். எனக்குப் பக்கத்தில் புர்கா போட்ட ஒரு அக்கா மடியில் எவர்சில்வர் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். நாகூர்க்காரர். ஐந்து நிமிடத்தில் என் சம்பளம் தவிர எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். "ரெண்டு வருஷமா தனியாவா இருக்கே? என் வீட்டுக்காரரும் இருபது வருஷம் சிங்கப்பூர்லதான் இருந்தாரு. வந்தப்புறம் வீட்டுல ரெண்டு பேரு இருக்குறது எனக்குப் பழகவே ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

குடவாசல் தாண்டி வயல் நடுவில் பஸ் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. "கிளட்ச் போயிருச்சு. எல்லாரும் இறங்கிக்குங்க, பின்னால வண்டி வருது" என்றார் கண்டக்டர். நாற்பது பேரும் ஒரு வேப்ப மர நிழலில் நின்றோம். அக்கா தூக்கைத் திறந்து ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

ரோட்டோர வயலில் ஒரு அறுப்பு மிஷினும் அதே மாதிரி நின்றிருந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். செழியன் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை, மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "வைக்கோல் சுத்திக்கிச்சு. அவங்க தப்பான பக்கத்துல இழுக்குறாங்க" என்று முணுமுணுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நாகூர் போவதற்காகவே இஸ்திரி போட்டு வந்த பேன்ட் அது.

"போங்க" என்றேன்.

முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். இரண்டு வருடத்தில் அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. மிஷினுக்கு அடியில் படுத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கையை விட்டு, விரலாலேயே தேடினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார், பக்கத்தில் இருந்தவர் சரியான ஸ்பேனரை வைத்தார். எனக்கு ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வந்தது. அங்கே கையை நீட்டுகிற டாக்டர்களுக்கு என்ன நிதானம் இருக்குமோ அதே நிதானம் இவருக்கும் இருந்தது. விசா படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நாங்கள் 'டிரைவர்' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தோம்.

அடுத்த பஸ் வந்தது, எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. "உன் வீட்டுக்காரர் வர மாட்டாரு போலிருக்கே" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறிப் போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் மிஷின் ஓடியது. வயல்காரர் நெல் மூட்டை ஏற்றும் வேனில் எங்களைத் திருவாரூர் வரை கொண்டுபோய் விடச் சொன்னார். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனோம். கழுவியும் போகாத கிரீஸ் வாசனையோடு செழியன், "சாரி ஸ்டெல்லா. ஒரு மிஷின் நின்னுட்டா அன்னைக்கு அந்த ஆளு பட்ட பாடெல்லாம் வீணு, அதான்" என்றார். எனக்குக் கோபமே இல்லை. அவர் தலையில் இருந்த வைக்கோலை எடுத்துவிட்டேன். இந்த முறை டிரைவர் மட்டும்தான் இருந்தார்.

கலியபெருமாள் சாருக்கு எண்பது தாண்டியிருக்கும். சேற்றுப் பேன்ட்டோடு நின்ற மாணவரை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "எந்தச் செழியன்? நான் மூணு செழியன் வச்சிருக்கேன்" என்றார்.

"அந்தோணிசாமி மகன் சார். சேவியர்."

"சேவியரா! ஏம்ப்பா, அந்த வருஷம் சேர்ந்ததுல ஆறு பேரு சேவியர். சேவியர்னு கூப்பிட்டா கிளாஸ்ல ஒரு வரிசையே எழுந்து நிக்கும். நான் எப்படி வருகைப் பதிவு எடுக்கிறது? அதான் சேவியரைச் செழியன் ஆக்குனேன். ஒருத்தனுக்குச் சேரன். ஒருத்தனுக்குச் சேந்தன். முதல்ல வர்ற 'ச'வை மட்டும் விட்டு வச்சேன், பெத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு."

பிறந்த தேதியைக் கேட்டதும் குரல் இறங்கியது. "அது என் தப்புதான். டிசம்பர்னு போட்டா அஞ்சு வயசு முடியல, அடுத்த வருஷம் வான்னு அனுப்பணும். அனுப்புனா மறுபடியும் வருவாங்களான்னு தெரியாது. ஆடு மேய்க்கப் போன பிள்ளைங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. அதனால எல்லாருக்கும் ஜூன் போட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இதனால கஷ்டமாம்மா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். நிஜமாகவே அப்போது இல்லை.

மகன் எழுத, அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் ஆயிற்று. அவரே கையெழுத்துப் போட்டார். கீழே பெயரையும் பழைய பதவியையும் தானே முழுசாக எழுதினார். மருமகள் இறால் வைத்த வாடா என்ற நாகூர்ப் பலகாரம் பொரித்துக் கொடுத்தார். சூடு ஆறும் முன்னால் நான் நான்கு சாப்பிட்டுவிட்டேன். சார், செழியன், நான் மூன்று பேரும் நிற்கிற மாதிரி மகன் ஒரு போட்டோ எடுத்தார். அதில் என் வாய் நிறைய வாடா.

இத்தோடு முதல் காரணம் தீர்ந்தது. ஃபாதர் குறிப்பு எழுதி முத்திரை குத்தினார். இரண்டாவது காரணத்துக்காக ஏழாம் நாள் கும்பகோணத்தில் ஒரு விசா ஏஜென்ட்டைப் பார்த்தோம். எங்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கல்யாண போட்டோவைத் தவிர ஒண்ணுமே இல்லையே மேடம். ஒண்ணு செய்யுங்க. ஆறு புடவை, ஆறு சட்டை எடுத்துக்குங்க. நம்ம ஸ்டுடியோ ஆளு வருவாரு. தாராசுரம் கோயில்ல மூணு டிரஸ், வெளியில மூணு டிரஸ். ஒரே நாள்ல ரெண்டு வருஷத்தை முடிச்சிரலாம்" என்றார்.

எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு நிராகரிப்பு வந்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் பையில் துணிகளை அடைத்துக்கொண்டு தாராசுரம் போனோம். முதலில் பச்சைப் புடவை, நீலச் சட்டை. வெளியே பொதுக் கழிப்பறையில் போய் மாற்றிக்கொண்டு வந்து மஞ்சள் புடவை, வெள்ளைச் சட்டை. கல் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "சார், மேடம் தோள்ல கை போடுங்க. சிரிங்க சார், சிரிச்சாத்தான் விசா" என்றார் போட்டோகிராபர். மூன்றாவது சட்டையைக் கையில் கொடுத்தபோது செழியன் வாங்கவில்லை.

"போதும் ஸ்டெல்லா."

"இன்னும் நாலு இருக்கு."

"நாம நிஜமாவே புருஷன் பொண்டாட்டிதானே? எதுக்கு நடிக்கணும்?"

வெயில், வியர்வை, கழிப்பறையில் நனைந்த புடவைக் கரை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "உங்களுக்கு வர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நான் மட்டும் ஏன் அலையணும்?" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன், ஆனால் அது அவர் மனதில் இருந்ததைத் தொட்டுவிட்டது என்று உடனேயே தெரிந்தது. அவர் மறுக்கவில்லை.

போட்டோகிராபர் கேமராவை மெதுவாக உறைக்குள் போட்டுக்கொண்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனார். திரும்பி வரவில்லை. நல்ல மனிதர்.

கோயில் புல்வெளியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். அவர்தான் முதலில் பேசினார். "அந்த ஃபாரத்துல என் பேருக்கு நேரா டிபெண்டன்ட்னு போட்டிருக்கே, அதுக்கு அர்த்தம் பார்த்தேன். அடுத்தவங்களை நம்பி இருக்குறவன்னு வருது. பதினாறு வயசுலேருந்து யாரையும் நான் அப்படி நம்பி இருந்ததில்லை. இங்க மிஷின் நின்னா என்னைத் தேடி வராங்க. அங்க என்னை யாரு தேடுவாங்க? நீ வேலைக்குப் போயிடுவே. நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கிட்டிருக்கணுமா?"

"இதை ஏன் ரெண்டு வருஷமா சொல்லலை?"

"நீ ஆசையா பேப்பர் சேர்த்துக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது?"

அவர் பயந்திருக்கலாம் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. விசா கிடைக்காதது என் கஷ்டம் என்றே நினைத்திருந்தேன். பதிலுக்கு என் பக்கத்துக் கதையைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்கத் தெரியலைங்க. எப்ப வச்சாலும் அம்மா வைக்கிற அளவுதான் வருது. திங்கக்கிழமை வச்ச குழம்பை வியாழக்கிழமை வரைக்கும் சாப்பிடுறேன். வியாழக்கிழமை அழுகை வந்துடுது."

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிடுறியா? மிச்சக் குழம்பைக் காலி பண்ண?"

"ஆமா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் நான் சொன்னேன், "ஆறு மாசம் வந்து பாருங்க. பிடிக்கலைன்னா திரும்பிடலாம்."

"திரும்பிடலாம்னா? நானா?"

"ரெண்டு பேரும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேருமா? யோசிச்சுத்தான் சொல்றியா?"

"தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரி இல்லையா என்ன?" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். சொன்னபிறகு யோசித்துப் பார்த்தேன், மாற்றத் தோன்றவில்லை.

கும்பகோணம் வந்து ஒரு சின்னக் கடையில் தோசையும் கடப்பாவும் சாப்பிட்டோம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசமுமாக இருக்கும் அந்தக் கடப்பாவைச் செழியன் மூன்று தடவை கேட்டு வாங்கினார். சட்னிதான் பிடிக்காது போலிருக்கிறது. நான் கடைக்காரரிடம் என் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன். "எப்பலேருந்து?" என்று கேட்டார். சொன்னேன்.

ஏஜென்ட்டை அதற்கப்புறம் பார்க்கவில்லை. அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். இந்த லீவுக்கு முன்னால் நாங்கள் முப்பத்தேழு நாள்தான் சேர்ந்து இருந்திருக்கிறோம், காரணம் என் வேலை, அதனால்தான் இந்த விசாவைக் கேட்கிறோம் என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். இந்த எட்டு நாளில் சேர்ந்து போன பஸ் டிக்கெட்டுகளை எல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினார் செழியன். விசாரணை நடந்த அன்று டீக்கடைக்காரர் எடுத்த போட்டோ, நெல் மூட்டை மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோ, வாடாவோடு நான் நிற்கிற போட்டோ எல்லாவற்றையும் வைத்தோம். பச்சைப் புடவையையும் மஞ்சள் புடவையையும் வைக்கவில்லை.

தஞ்சாவூர் நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் தட்டச்சு செய்த அம்மா, இரண்டு பெயரையும் இரண்டு தேதியையும் அடித்து முடித்துவிட்டு, "ஒரே ஆளுக்கு இவ்வளவு டைப் அடிச்சதில்லப்பா" என்று விரலை நெட்டி முறித்தார்.

பன்னிரண்டாம் நாள் சென்னை. விசா மையத்தில் குளிர் எங்கள் வார்டு மாதிரி இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் தாள்களைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். பஸ் டிக்கெட் தாளை மட்டும் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டோடு சேர்த்து வைத்தார். கைரேகை எடுக்கும்போதுதான் சிக்கல். செழியன் விரலை வைக்கிறார், மிஷின் ஏற்கவில்லை. இன்னொரு தடவை. மறுபடியும் இல்லை. வருஷக்கணக்காக ஸ்பேனரும் கிரீஸுமாகத் தேய்ந்த விரல்கள்.

"ரேகையே விழ மாட்டேங்குதே சார்" என்றார் ஊழியர். "கொஞ்சம் உட்கார்ந்துட்டு வாங்க. கிரீம் இருந்தா தடவிப் பாருங்க."

செழியன் முகம் வாடிவிட்டது. "பேரு சரியாச்சு. இப்ப விரலும் நான் இல்லைங்குது" என்றார். நான் கைப்பையைத் திறந்தேன். நர்ஸுகள் கையில் கிரீம் இல்லாமல் வெளியே போவதில்லை, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கை கழுவுகிறவர்கள் நாங்கள். வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்தேன். கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. எப்போது என்று கேட்டேன். பத்தொன்பது வயதில், முதல் மிஷின் என்றார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை விடவில்லை. நான்காவது தடவை பத்து விரலும் விழுந்தது.

பதினான்காம் நாள் மறுபடியும் விமானம். இந்த முறை பெட்டி வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம்.

பிறகு பதினோரு வாரக் காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு மத்தியானம் வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவின் போட்டோ. கீழே ஒரு வரி: "அம்மா அழுதுக்கிட்டே இனிப்பு கொடுக்கப் போயிருக்கு." ப்ரீடாவிடம் காட்டினேன். என்னைக் கட்டிக்கொண்டு, "இரண்டு பேரில் யார் வருகிறார்?" என்று கேட்டார்.

செழியன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு பால் பண்ணைக்காரரின் புல் அறுக்கும் மிஷின் நின்றுபோனபோது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே நின்றாராம். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறார். பிடித்திருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை. ஆறு மாதம் என்று பேசியிருக்கிறோம், அது வரை கேட்பதாக இல்லை.

அவர் வந்த மூன்றாம் நாளே எனக்கு டியூட்டி. பன்னிரண்டு மணி நேரம். முடித்துவிட்டு வரும்போது மணி எட்டரை, கோடைக்காலம் என்பதால் வெயில் இன்னும் மஞ்சளாக நின்றது. வழக்கம் போலப் படியேறி, வழக்கம் போலப் பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு உள்ளேயிருந்து திறந்தது. லுங்கியும் கையில் ஈரத் துணியுமாகச் செழியன் நின்றார். நான் சாவியும் கையுமாக நின்றேன்.

"ஷூவை வெளியிலயே கழட்டு" என்றார். "இப்பதான் தொடைச்சேன்."